கூட்ஸ் வண்டியில் வரும் விமானம்: ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்றால் என்ன ஆகும்?

சென்னையில் இருந்து ஆகாசா ஏர் விமானத்திலோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்திலோ நீங்கள் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் ஏறியது போயிங் 737 ஆக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் அந்த விமானத்தின் முதல் பயணம் வானத்தில் நடக்கவில்லை. தண்டவாளத்தில் நடந்தது. அதுவும் ஒரு கூட்ஸ் வண்டியில்!

நம்ப முடியவில்லையா? விஷயம் இதுதான். அமெரிக்காவின் நடுப்பகுதியில், கான்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது விச்சிட்டா நகரம். 737 விமானங்களின் உடல் அங்கேதான் தயாராகிறது. ஆனால் இறக்கை, இன்ஜின், சக்கரம் எல்லாம் பொருத்தி அதை விமானமாக ஆக்குவது நாட்டின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகருக்குப் பக்கத்தில் உள்ள ரென்டனில். இரண்டுக்கும் இடையே ரயில் பாதையில் சுமார் 3,200 கி.மீ. சென்னையில் இருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு.

இறக்கை இல்லாத பச்சை நிற விமானங்கள் வரிசையாக ரயிலில் போகும் வீடியோக்களைச் சிலர் சமூக ஊடகங்களில் பார்த்திருக்கலாம். ‘அட, இப்படியெல்லாம் கொண்டு போவாங்களா?’ என்று ஷேர் செய்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் 2024 ஜனவரியில் நடுவானில் ஒரு விமானத்தின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்த கதைக்கும் இந்த ரயில் பயணத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தக் கதையில் ரயில் தப்பு செய்யவில்லை. ரயிலில் எதை ஏற்றினார்கள் என்பதில்தான் பிரச்சினை.

முதலில், ஏன் ரயில்?

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டால் வேலை முடிந்ததே, எதற்கு இந்த அலைச்சல் என்று தோன்றும். பதில் வரலாற்றில் இருக்கிறது. விச்சிட்டாவில் விமானத் தொழில் 1920களிலேயே வேர் பிடித்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பி-29 குண்டுவீச்சு விமானங்களை போயிங் அங்கே கட்டியது. ரென்டன் ஆலையிலும் அதே விமானம் உருவானது. இரண்டு ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆலையைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறு ஊரில் வைக்கலாம். ஆட்களின் கைப்பழக்கத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. அதனால் உடலைக் கொண்டுபோகிறார்கள்.

சரி, லாரியில் அனுப்பக் கூடாதா? நம்மூர் நெடுஞ்சாலையில் காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும் நீள டிரெய்லரைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் எத்தனை வண்டிகள் காத்துக் கிடக்கும்! 737 உடலின் விட்டமே கிட்டத்தட்ட 4 மீட்டர். அதைச் சுமந்துகொண்டு மேம்பாலங்களுக்கு அடியில் நுழைந்து, மலைப்பாதை ஏறி, 3,200 கி.மீ. போக வேண்டும். எப்போதாவது ஒரு முறை என்றால் சமாளிக்கலாம். மாதம் 40 உடல் என்றால், ஒவ்வொரு நாளும் ஒன்றுக்கு மேல். அது சாலையில் நடக்கிற காரியம் இல்லை.

அப்போ விமானத்திலேயே ஏற்றி அனுப்பினால்? அதுவும் நடக்கிறது, ஆனால் 737-க்கு இல்லை. அதே விச்சிட்டா ஆலையில் 787 ட்ரீம்லைனர் விமானத்தின் மூக்குப் பகுதியும் தயாராகிறது. 787 உடலின் அகலம் கிட்டத்தட்ட 5.8 மீட்டர். அது ரயில் குகைகளுக்குள் நுழையாது. எனவே ‘ட்ரீம்லிஃப்டர்’ என்ற, வயிறு வீங்கிய 747 விமானத்தில் ஏற்றித் தென் கரோலினாவுக்குக் கொண்டுபோகிறார்கள். உலகத்திலேயே அந்த ரகத்தில் நான்கு விமானங்கள்தான் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஏர்பஸ் நிறுவனமும் திமிங்கிலம் மாதிரி இருக்கும் ‘பெலூகா’ விமானங்களில் பாகங்களை ஏற்றி இறக்குகிறது.

ஆக, ஒரே ஊரில் தயாராகும் இரண்டு பாகங்களில் ஒன்று பறந்து போகிறது, இன்னொன்று கூட்ஸில் போகிறது. எது எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரயில் குகையின் அகலம்தான். 737 குறுகலான விமானம் என்பதால் ரயிலுக்குள் அடங்குகிறது. அடக்கவிலையில் ரயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எப்படி ஏற்றுகிறார்கள்?

இதற்காகத் தனி ஏற்பாடுகளுடன் தட்டை வேகன்கள் இருக்கின்றன. பக்கச் சுவரோ கூரையோ கிடையாது. நீளம் சுமார் 27 மீட்டர். ஆனால் 737 மேக்ஸ் 8 விமானத்தின் மொத்த நீளம் 39 மீட்டருக்கு மேல். மூக்கு நுனி, வால் நுனி இல்லாமல் ஏற்றினாலும் வேகனைத் தாண்டி நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

இரண்டு வேகன்களில் சேர்த்துக் கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டினால் ஆபத்து. வளைவில் திரும்பும்போது இரண்டு வேகன்களும் வெவ்வேறு கோணத்தில் நிற்கும்; நடுவில் மாட்டிக்கொண்ட உடல் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஒரே வேகனில் மட்டும் தாங்கிகள் வைத்து உறுதியாகப் பிணைக்கிறார்கள். அதற்கு அடுத்து ஒரு காலி வேகன். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அந்தக் காலி வேகனுக்கு மேல், எதையும் தொடாமல், வளைவுக்கு ஏற்ப இப்படியும் அப்படியும் நகரும். காலி வேகனின் வேலையே இடம் விடுவதுதான்.

அந்தப் பச்சை நிறம் பெயின்ட் இல்லை. அலுமினியத் தோலில் கீறலும் அரிப்பும் விழாமல் இருக்கப் பூசும் தற்காலிகப் பாதுகாப்புப் பூச்சு. விமான நிறுவனத்தின் வண்ணம் அடிக்கும் முன் அதைக் கழுவி எடுத்துவிடுவார்கள்.

வழக்கமான சரக்கு வேகனைவிட இந்தச் சுமை அகலமானது. எனவே எந்தப் பாதையில் போகலாம், எங்கே எதிர் வண்டியை ஒதுக்க வேண்டும், எந்தக் குகையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போடப்படும். பிஎன்எஸ்எஃப் ரயில்வேயின் தண்டவாளங்களில், ராக்கி மலைகளைத் தாண்டி, ஒரு வாரம் போல உருண்டு உருண்டு ரென்டன் வந்து சேரும். அங்கே இறக்கை முளைத்து, ஆலையை ஒட்டிய சின்ன ஓடுபாதையில் இருந்து ஒரே ஒரு முறை கிளம்பும். பெரும்பாலும் ரென்டனுக்குத் திரும்பி வராது.

ஆற்றில் விழுந்த விமானங்கள்

இந்தப் பயணத்தில் விபத்தே நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. 2014 ஜூலை 3. மொன்டானா மாநிலத்தில் கிளார்க் ஃபோர்க் ஆற்றங்கரையை ஒட்டிய பாதையில் ஒரு கூட்ஸ் வண்டியின் 19 வேகன்கள் தடம் புரண்டன. அதில் ஆறு 737 உடல்கள் இருந்தன. மூன்று உடல்கள் கரையில் சறுக்கி ஆற்றுக்குள் போய் விழுந்தன. யாருக்கும் காயம் இல்லை. ஆற்றில் படகு விட்டுக்கொண்டிருந்தவர்கள், தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்த விமானங்களைப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் உலகத்தையே சுற்றி வந்தன.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆறு உடல்களையும் போயிங் கழித்துக்கட்டியது. ஆற்றில் விழாத மூன்றையும் சேர்த்துத்தான். தட்டி நிமிர்த்திச் சரிசெய்து பயன்படுத்தலாமா என்று இழுத்துக்கொண்டு போகவில்லை. நசுங்கியது கண்ணுக்குத் தெரிந்தது, சந்தேகம் வந்தது, வேண்டாம் என்று ஒதுக்கியாயிற்று.

கண்ணுக்குத் தெரிகிற சேதத்தைக் கையாள்வது சுலபம். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் அதை மறைக்க முடியாது. கஷ்டமான கேள்வி வேறு. எல்லாம் நல்லபடியாக இருப்பது போலத் தெரியும் ஒரு உடல், ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து இறங்கினால்?

பத்திரமாக வந்து சேர்ந்த குறை

2023 ஆகஸ்ட் 31. ஒரு 737 மேக்ஸ் 9 உடல் விச்சிட்டாவில் இருந்து ரென்டன் வந்து சேர்ந்தது. வழியில் எந்த விபத்தும் இல்லை. மறுநாளே ஒரு குறை பதிவானது. இடது பக்கம், நடுவில் உள்ள ‘கதவு அடைப்பு’ பக்கத்துச் சட்டத்தில் ஐந்து ரிவெட் ஆணிகள் சரியில்லை.

கதவு அடைப்பு என்றால்? அதிக இருக்கைகள் வைக்கும் நிறுவனங்களுக்கு அந்த இடத்தில் கூடுதலாக ஓர் அவசரக் கதவு வேண்டும். அவ்வளவு இருக்கை வைக்காத நிறுவனங்களுக்குக் கதவு தேவையில்லை. அந்த வாசலை ஒரு பலகை வைத்து அடைத்துவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிக்கு அது சாதாரண ஜன்னல் சுவர் மாதிரிதான் தெரியும். இந்த அடைப்பு மலேசியாவில் தயாராகி, விச்சிட்டாவில் உடலோடு பொருத்தப்பட்டு, உடலோடு சேர்ந்து ரயிலில் வந்தது.

ரிவெட் ஆணிகளை மாற்ற வேண்டுமானால் அந்த அடைப்பைத் திறந்தாக வேண்டும். திறக்க வேண்டுமானால் நான்கு போல்ட்களைக் கழற்ற வேண்டும். திறந்தார்கள். ரிவெட்களை மாற்றினார்கள். அடைப்பை மூடினார்கள். போல்ட்களைத் திரும்பப் போடவில்லை. அடைப்பைத் திறந்ததற்கும் மூடியதற்கும் ஆவணமே இல்லை. ஆவணம் இல்லாததால், ‘நாலு போல்ட் இருக்கா?’ என்று கேட்க வேண்டிய ஆய்வாளரும் வரவில்லை. மேலே உள் அலங்காரப் பலகை மூடியது. அக்டோபர் 31-ம் தேதி விமானம் அலாஸ்கா ஏர்லைன்ஸ் கைக்குப் போனது.

2024 ஜனவரி 5. போர்ட்லேண்டில் இருந்து கிளம்பிய சில நிமிடங்களில், சுமார் 15,000 அடி உயரத்தில் அந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தில் இருந்தவர்கள் 177 பேர். ஓட்டையை ஒட்டிய இருக்கையில் அன்றைக்கு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. விமானம் இன்னும் முழு உயரத்தை எட்டாததால், பெரும்பாலானவர்கள் பெல்ட் போட்டிருந்தார்கள். சிலருக்குச் சிறு காயங்கள், உயிர்ச்சேதம் இல்லை. இதைப் பாதுகாப்பு ஏற்பாட்டின் வெற்றி என்று யாரும் சொல்ல முடியாது. அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

யார் மேல் தப்பு?

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். ஐந்து ரிவெட் ஆணிகளால் அந்த அடைப்பு பறக்கவில்லை. போல்ட் இல்லாததால் பறந்தது. அது நடந்தது ரென்டனில். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 2025 ஜூனில் அதைத்தான் சொன்னது. தன் தொழிலாளர்களுக்குப் போதுமான பயிற்சி, வழிகாட்டுதல், மேற்பார்வை கொடுக்க போயிங் தவறியதே காரணம் என்றது. கண்காணிக்க வேண்டிய விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வின் மேற்பார்வை போதாது என்றும் சுட்டியது.

ஆனால் ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள். அந்த ஐந்து ரிவெட்களை விச்சிட்டாவிலேயே பார்த்து மாற்றியிருந்தால், ரென்டனில் அந்த அடைப்பைத் திறக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. முடித்த வேலையை மறுபடியும் பிரிக்கும்போதெல்லாம் ஒரு புது ஆபத்து பிறக்கிறது. பிரித்தது என்ன, திரும்பப் போட்டது என்ன என்று கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கு விட்டுப்போனதால்தான் 177 பேர் ஓட்டை விழுந்த விமானத்தில் திரும்பி வந்து இறங்கினார்கள்.

விமானத் தொழிலில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: ‘டிராவல்டு வொர்க்’. ஒரு கட்டத்தில் முடிக்க வேண்டிய வேலை, முடியாமல் அடுத்த கட்டத்துக்குப் பயணம் செய்வது. நம்ம பாஷையில் சொன்னால், ‘அங்க போய்ப் பாத்துக்கலாம்’.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதும் புரியாத விஷயம் இல்லை. 2005-ல் போயிங் விச்சிட்டா ஆலையை விற்றது. ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமாக அது மாறியது. அனுப்புகிறவர் ஒரு நிறுவனம், வாங்குகிறவர் இன்னொரு நிறுவனம். அனுப்புகிறவருக்கு, உடலை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டால்தான் பணம். வாங்குகிறவருக்கு, உடல் வரவில்லை என்றால் ரென்டன் லைன் காலியாக நிற்கும். ஆக, ஏற்றி அனுப்பிவிடுவதில் இரண்டு பேருக்கும் லாபம். நிறுத்தி வைப்பதில் இரண்டு பேருக்கும் நஷ்டம். நடுவில் ஒரு வாரம் ஓடும் ரயில். ‘வந்து சேருவதற்குள் ஏதாவது வழி பண்ணிடலாம்’ என்று நினைக்க அது வசதியாகவும் இருந்தது.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், டெட்லைன் நெருக்குகிறது, ஒரு பக் இருப்பது தெரியும். ‘இப்போ ரிலீஸ் பண்ணிடுவோம், அடுத்த ஸ்பிரின்ட்ல ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்.’ பெரும்பாலான நேரம் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததாலேயே அது பழக்கமாகிவிடும். வித்தியாசம் ஒன்றுதான்: அந்த ஆப்பில் தப்பு வந்தால் ஸ்க்ரீன் உறையும்.

கேட் இடம் மாறியது

2024 மார்ச் மாதம் போயிங் ஒரு முடிவெடுத்தது. குறையுள்ள உடல்களை இனி ஏற்றுக்கொள்வதில்லை. ரென்டனில் வைத்துச் சரிசெய்யும் வேலையை விச்சிட்டாவிலேயே, ரயிலில் ஏற்றும் முன்பே முடிக்க வேண்டும். போயிங்கின் ஆய்வாளர்கள் விச்சிட்டாவிலேயே உடலைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது வேகனுக்குப் போகும்.

கேட்க எளிய முடிவு. ஆனால் விலை சின்னதில்லை. விச்சிட்டாவில் உடல்கள் தேங்கின. பணம் வராமல் ஸ்பிரிட் தவித்தது. அடுத்த மாதமே போயிங் 42.5 கோடி டாலரை முன்பணமாகக் கொடுத்துத் தாங்க வேண்டி வந்தது. ரென்டனில் இருந்து வெளியே போகும் விமானங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. உலகம் முழுக்க 737-க்குக் காத்திருந்த நிறுவனங்களுக்கு விமானம் தாமதமானது. அந்த வரிசையில் நம் நாட்டு நிறுவனங்களும் உண்டு.

அந்தச் செலவு தண்டம் இல்லை. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்த குறைகளின் உண்மையான விலைதான் அது. குறை புதிதாக முளைக்கவில்லை. எங்கே உருவாகிறதோ அங்கேயே நிறுத்தியதால் குவியல் கண்ணில் பட்டது.

இனி என்ன?

2024 ஜூலையில் ஸ்பிரிட் நிறுவனத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக போயிங் அறிவித்தது. பங்குகளின் மதிப்பு 470 கோடி டாலர். 2025 டிசம்பரில் அந்தக் கைமாற்றம் முடிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் விற்ற ஆலை மறுபடியும் தாய்வீடு வந்துவிட்டது. இனி அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே நிறுவனம். ‘உன் தப்பா, என் தப்பா’ என்ற சண்டைக்கு இடமில்லை.

அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், அது அவசரம். பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. 3,200 கி.மீ. மாறவில்லை. ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்கே முடியாத வேலையைத் தள்ளிவிடும் நாம், ஒரே கம்பெனி ஆகிவிட்டால் அந்தப் புத்தி போய்விடும் என்று எப்படி நம்ப முடியும்? சொல்லப்போனால், ‘நம்ம ஆளுங்கதானே, பார்த்துக்குவாங்க’ என்ற புதிய சாக்குகூட வரலாம். வெளி நிறுவனத்திடம் கறாராகக் கேட்கும் கேள்வியை, சொந்தக் கிளையிடம் கேட்கத் தயங்குவது மனித இயல்பு.

அழுத்தமும் திரும்பி வருகிறது. ஓட்டை விழுந்த சம்பவத்துக்குப் பிறகு, மாதத்துக்கு 38 விமானங்களுக்கு மேல் கட்டக் கூடாது என்று எஃப்ஏஏ கட்டுப்பாடு போட்டது. 2025 அக்டோபரில் அதை 42 ஆக உயர்த்தியது. எண்ணிக்கை ஏற ஏற, ரயிலுக்கு நேரமாகிறது என்ற குரலும் ஏறும். மெதுவாக ஓடும்போது விதியைக் கடைப்பிடிப்பது பெரிய விஷயம் இல்லை. வேகம் கூடும்போதும் கடைப்பிடிக்கிறார்களா என்பதுதான் சோதனை.

எனவே போயிங்கை இனி அளக்க வேண்டிய இடம் ரென்டனின் ஓடுபாதை மட்டும் இல்லை, விச்சிட்டாவின் ரயில் யார்டும்தான். எத்தனை விமானம் பறந்தது என்பதோடு, எத்தனை உடல்கள் ஏற்றாமல் நிறுத்தப்பட்டன, ரென்டன் வந்த பிறகு எத்தனை முறை பிரித்து மாட்ட வேண்டி வந்தது என்பதையும் எஃப்ஏஏ கேட்க வேண்டும். பொதுவெளியில் சொல்லவும் வேண்டும். பயணிக்கு இறக்கையின் அழகோ, இருக்கையின் வசதியோ தெரியும். ரிவெட் ஆணி தெரியாது. அவருக்குத் தெரியாததைப் பார்க்கத்தான் ஆய்வாளர் இருக்கிறார்.

நம்மூர் ரயிலில் கார்டு பச்சைக்கொடி காட்டாமல் வண்டி நகராது. ஒரு நிமிஷம் தாமதமானாலும், கொடி விழுந்த பிறகுதான் கிளம்பும். விச்சிட்டாவில் அந்தக் கொடியைப் பிடித்திருப்பவருக்கு ‘இன்னும் முடியலை, இது போகாது’ என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். சொன்னதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. மாதம் 42 ஆனாலும், அதற்கு மேலே போனாலும் அந்த உரிமை குறையாமல் இருந்தால் போதும். மீதி 3,200 கிலோமீட்டரைக் கூட்ஸ் வண்டி பார்த்துக்கொள்ளும்.